சிங்கப்பூரின் மூன்று உலகங்கள்: ஒரு நகரத்து இரவின் வரலாறு

நியூ வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட், ஹாப்பி வேர்ல்ட் ஆகிய மூன்றும் 20-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் இயங்கிய இரவுநேரப் பொழுதுபோக்குப் பூங்காக்கள் ஆகும். புதிய உலகம், பேருலகம், மகிழ்ச்சி உலகம் என்று இப்பெயர்களைத் தமிழில் சொல்லலாம். நாடகக் கொட்டகை, திரையரங்கு, நடனக்கூடம், குத்துச்சண்டை மேடை, ராட்டினம், சாப்பாட்டுக் கடை என எல்லாம் ஒரே மதிலுக்குள் இருந்தன. தொலைக்காட்சியும் குளிரூட்டிய பேரங்காடிகளும் வருவதற்கு முன்னால், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்நகரத்தின் மாலைப் பொழுது பெரும்பாலும் இந்த மூன்று மதில்களுக்குள்தான் கழிந்தது.

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் செல்வோர் தேக்கா என்று தமிழர்கள் அழைக்கும் லிட்டில் இந்தியாவையும், அங்குள்ள முஸ்தபா கடையையும் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்தக் கடையிலிருந்து சில நிமிடம் நடந்தால் ஒரு வணிக வளாகமும் அதையொட்டி ஒரு சிறு பூங்காவும் வரும். அங்கே பழைய நுழைவாயில் ஒன்று தனியாக நிற்கிறது. அதுதான் நியூ வேர்ல்டின் வாசல். பலர் அதைக் கவனிக்காமலே கடந்து செல்கின்றனர்.

இப்பூங்காக்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு வகையாக இருக்கும். ஒன்று, அவற்றை நடத்திய செல்வர்களின் கதை. மற்றொன்று, அங்கே ஒழுக்கம் கெட்டது என்ற புகார். பத்துக் காசு கொடுத்து உள்ளே நுழைந்த தொழிலாளியும், சீட்டுக்கு ஆடிப் பிழைத்த பெண்ணும் இவ்விரண்டிலும் ஓரமாகவே நிற்கிறார்கள். இக்கட்டுரை அவர்களை நடுவில் வைத்து இவ்வரலாற்றைச் சொல்ல முயல்கிறது.

தோற்றம்

1917-இல் சீனாவின் ஷாங்காய் நகரில் 'பேருலகம்' என்ற பெயரில் ஒரு பொழுதுபோக்கு மாளிகை திறக்கப்பட்டது. ஒரே கட்டணத்தில் பல மேடைகளைப் பார்க்கலாம் என்ற அதன் முறை தென்கிழக்காசியத் துறைமுக நகரங்களுக்கும் பரவியது. சிங்கப்பூரில் 1920-களில் தஞ்சோங் பாகர் பகுதியில் 'ஹாப்பி வேலி' என்ற பூங்கா இருந்தது. பிற்காலத்தில் சிங்கப்பூரின் நாட்டுப்பண்ணை இயற்றி இசையமைத்த ஸுபிர் சைத், 1928-இல் சுமத்ராவிலிருந்து வந்து முதலில் சேர்ந்தது இந்தப் பூங்காவில் நாடகம் நடத்திய ஒரு குழுவில்தான்.

நீண்ட நாள் நிலைத்த முதல் பூங்கா நியூ வேர்ல்ட். 1923 ஆகஸ்ட் 1 அன்று ஜாலான் புசார் சாலையில் அது திறக்கப்பட்டது. மலாய் மொழியில் ஜாலான் புசார் என்றால் பெரிய சாலை. ஓங் பூன் தாட், ஓங் பெங் ஹோக் என்ற சகோதரர்கள் இதைத் தொடங்கினர். இவர்களின் தந்தை ஓங் சாம் லியோங், கிறிஸ்துமஸ் தீவின் பாஸ்பேட் சுரங்கங்களுக்குச் சீனக் கூலித் தொழிலாளர்களை அனுப்பும் ஒப்பந்தத்தால் பெரும் பொருள் ஈட்டியவர். தந்தையின் செல்வம் கூலிகளின் உழைப்பிலிருந்து வந்தது. மகன்கள் திறந்த பூங்காவின் நுழைவுக் கட்டணமோ கூலிகளும் கொடுக்கக்கூடிய பத்துக் காசாக இருந்தது.

கிரேட் வேர்ல்ட் 1931-இல் கிம் செங் சாலையில், முன்பு சீனர் இடுகாடாக இருந்த நிலத்தில் எழுந்தது. இதைத் தொடங்கியவர் லீ சூன் யுங். ஹாப்பி வேர்ல்ட் 1930-களின் பிற்பகுதியில் கேலாங் பகுதியில் தொடங்கப்பட்டது. இதை நிறுவியவர் ஜார்ஜ் லீ. திரைப்படத் தொழிலில் புகழ்பெற்ற ஷா சகோதரர்கள் 1930-களின் இறுதியிலிருந்து முதல் இரண்டு பூங்காக்களின் உரிமையிலும் பங்கு பெற்றனர். இதனால் ஷா நிறுவனத்தின் படங்களுக்கு அங்கேயே திரையரங்குகளும் கிடைத்தன.

யாருக்காக எழுந்தன?

1930-களின் சிங்கப்பூரில் ஆண்களின் எண்ணிக்கை பெண்களைவிட மிக அதிகம். சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆண்களே துறைமுகத்திலும் படகுகளிலும் சாலைப் பணியிலும் உழைத்தனர். பலர் ஒரே அறையில் நெருக்கியடித்துத் தங்கினர். பலகையால் தடுக்கப்பட்ட அந்த அறைகளில் காற்றும் வெளிச்சமும் குறைவு. இரவில் அங்கே படுக்கலாமே தவிர, உட்கார்ந்து பேசக்கூட இடம் இராது.

அத்தகைய மனிதருக்குப் பத்துக் காசில் கிடைத்தது மின்விளக்கு, கூட்டம், இசை, உடன் நடக்க ஒரு நண்பன். உள்ளே வந்தபின் காசு செலவழிக்காமல் சுற்றி வரவும் முடியும். வசதி படைத்தவர்களுக்குச் சங்கங்களும் மனமகிழ் மன்றங்களும் இருந்தன. ஐரோப்பியர் மன்றங்கள் பலவற்றில் ஆசியர்களைச் சேர்ப்பதே இல்லை. இப்பூங்காக்களின் வாசலில் இனம் கேட்கப்படவில்லை. காசு மட்டுமே கேட்கப்பட்டது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இது சிறிய செய்தி அன்று.

மதிலுக்குள் இருந்தவை

நாடகம்: மலாய் மொழியின் பங்சாவான் நாடகங்களும், கான்டனீஸ், தியோச்சூ முதலான சீன இசை நாடகங்களும் அருகருகே நடந்தன. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானதே பங்சாவான். தமிழகத்தின் கம்பெனி நாடகங்களிலும் அதே பார்சி நாடகத்தின் தாக்கம் உண்டு. திரைச்சீலை, பாட்டு, இடையிடையே நகைச்சுவை என்ற அமைப்பில் இரண்டும் உறவினர் போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

நடனம்: மலாய் மக்களின் ரோங்கெங் மேடையில் ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று, ஒருவரை ஒருவர் தொடாமல் ஆடுவர். இடையே பாந்துன் என்னும் நான்கடிப் பாடல்களால் ஒருவருக்கொருவர் பதில் சொல்வர். மேற்கத்திய நடனத்துக்குக் காபரே என்னும் கூடங்கள் இருந்தன. தமிழ்த் திரைப்படங்களால் 'காபரே' என்ற சொல்லுக்கு நம்மிடையே வேறு பொருள் ஏற்பட்டுவிட்டது. அன்றைய சிங்கப்பூரில் அது இசைக்குழுவோடு கூடிய பொது நடனக்கூடத்தைக் குறித்தது. இசைக்குழுக்களில் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கலைஞர்கள் பலர் இருந்தனர்.

விளையாட்டு: குத்துச்சண்டையும் மல்யுத்தமும் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. தமிழ்நாட்டில் மூத்த தலைமுறையினர் இன்றும் நினைவுகூரும் தாரா சிங், கிங் காங் இருவரும் ஹாப்பி வேர்ல்ட் அரங்கில் மோதியவர்கள். ஹங்கேரியில் பிறந்த கிங் காங் 1970-இல் ஒரு சாலை விபத்துக்குப் பின் சிங்கப்பூரிலேயே காலமானார். 1952-இல் தாமஸ் கோப்பை இறகுப்பந்துப் போட்டியின் இறுதியாட்டமும் ஹாப்பி வேர்ல்ட் அரங்கில்தான் நடந்தது. அதில் மலாயா அணி அமெரிக்காவை 7-2 என்ற கணக்கில் வென்றது.

சீட்டுக்கு ஆடிய பெண்கள்

காபரேக்களில் வேலை செய்த பெண்கள் 'டாக்சி நடனக்காரிகள்' எனப்பட்டனர். வாடகைக் காரைப் போல, கட்டணம் கொடுத்தவருடன் சிறிது நேரம் ஆடுவதால் இப்பெயர் வந்தது. ஆண்கள் வாசலில் சீட்டுகளை வாங்கிக்கொள்வர். ஒரு பாட்டுக்கு ஒரு சீட்டு. பெண்கள் தாம் பெற்ற சீட்டுகளைக் கணக்குக் காட்டி, அவற்றின் மதிப்பில் ஒரு பங்கைப் பெறுவர். மீதி கூடத்தின் உரிமையாளருக்குப் போகும். அலங்காரம், உடை, காலணி எல்லாம் பெண்ணின் சொந்தச் செலவு.

1933-இல் நடைமுறைக்கு வந்த அயலார் சட்டம் சீன ஆண்களின் வருகைக்கு வரம்பு விதித்தது. சில ஆண்டுகள் பெண்களுக்கு அந்த வரம்பு இல்லை. அதனால் பிழைப்புத் தேடி வந்த சீனப் பெண்களின் எண்ணிக்கை உயர்ந்தது. படிப்பில்லாத பெண்ணுக்குக் கிடைத்த வேலைகள் சில மட்டுமே: வீட்டு வேலை, கட்டடத்தில் மண் சுமப்பது, ரப்பர்த் தொழிற்சாலை. நடனக்கூடத்தில் இவற்றைவிட வருமானம் அதிகம், மதிப்போ குறைவு. குடும்பத்துக்குப் பணம் அனுப்பிய அந்தப் பெண்களைப் பற்றி ஊர் பேசியது வேறு.

இவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் ரோஸ் சான். 1925-இல் சீனாவின் சூச்சோ நகரில் பிறந்து, சிறுவயதில் மலாயா வந்தவர். நடனக்கூடத்தில் தொடங்கி, 1950-களில் ஆடை களையும் நடனத்தால் மலாயா எங்கும் பேசப்பட்டார். ஈட்டிய பணத்தில் பெரும்பகுதியை ஆதரவற்றோர் இல்லங்களுக்கும் பிற அறப்பணிகளுக்கும் கொடுத்தவர் என்பதும் அவர் வரலாற்றின் ஒரு பகுதி.

போர்க்காலம்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. கிரேட் வேர்ல்ட் சிறிது காலம் போர்க் கைதிகளின் முகாமாகியது. பின்னர் நியூ வேர்ல்டும் கிரேட் வேர்ல்டும் சூதாட்ட இடங்களாகத் திறக்கப்பட்டன. உணவுப் பஞ்சம் இருந்த காலத்தில் மக்களின் கையிலிருந்த கொஞ்சநஞ்சப் பணமும் அங்கே போயிற்று.

இன்று வரை வாழும் ஒரு கலைவடிவமும் அந்த இருண்ட காலத்தில்தான் தோன்றியது. அதன் பெயர் கெத்தாய். பாட்டு மேடை என்பது இதன் பொருள். 1942-இல் நியூ வேர்ல்டில் தொடங்கிய இந்நிகழ்ச்சி, இப்போது சீனர்களின் ஏழாம் மாதத்தில் முன்னோர் ஆவிகளுக்காகத் திறந்தவெளியில் நடத்தப்படுகிறது. முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்காகக் காலியாக விடுவது வழக்கம்.

நடனப் பெண்கள் தொடங்கிய பள்ளி

போர் முடிந்தபோது, மூன்றரை ஆண்டுப் படிப்பை இழந்த பிள்ளைகள் தெருக்களில் இருந்தனர். சீனமொழிப் பள்ளிகள் பெரும்பாலும் சமூகத்தின் நன்கொடையிலும் மாணவர் கட்டணத்திலும் இயங்கின. கட்டணம் செலுத்த முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் கிடைப்பது கடினம்.

1946-இல் ஹாப்பி வேர்ல்டின் நடனப் பெண்கள் ஒன்றுசேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினர். கேலாங் பகுதியின் 14-ஆம் லோரோங்கில், அதாவது குறுந்தெருவில், 'மகிழ்ச்சி அறப்பள்ளி' என்ற பெயரில் அது இயங்கியது. முன்னின்று நடத்தியவர் ஹே யான் நா என்ற நடனப் பெண். தாம் படிக்க வாய்ப்பில்லாமல் போனதே இப்பெண்களை இம்முயற்சிக்குத் தூண்டியது. புகழ்பெற்ற சீன எழுத்தணிக் கலைஞர் வோங் குவோ லியாங் அதன் முதல் தலைமையாசிரியர் ஆனார்.

ஒரு பள்ளியை நடத்துவதென்றால் என்ன என்பது ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். கட்டடம் கிடைத்தால் மட்டும் போதாது. மாதந்தோறும் வாடகை, ஆசிரியர் சம்பளம், புத்தகம், சுண்ணக்கட்டி என்று செலவு வந்துகொண்டே இருக்கும். ஒரு பாட்டுக்கு ஒரு சீட்டு என்று சேர்ந்த வருமானத்திலிருந்தும், அவர்கள் நிதிக்காக நடத்திய கலைநிகழ்ச்சிகளிலிருந்தும் அச்செலவு ஈடுகட்டப்பட்டது. அங்கே படித்த பிள்ளைகளை 'நடனக்காரி பள்ளி' மாணவர் என்று ஏளனம் செய்தோரும் இருந்தனர். ஆனாலும் பள்ளி மூடப்படவில்லை. 1979 வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் நடந்தது.

1953-இல் தென்கிழக்காசியச் சீனர்களுக்காக நன்யாங் பல்கலைக்கழகம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது செல்வர்கள் மட்டும் நிதி தரவில்லை. மிதிவண்டி ரிக்சா ஓட்டுவோர் தம் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தனர். நடனப் பெண்களும் அந்நிதிக்காக ஆடிப் பணம் திரட்டினர். பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்க வாய்ப்பே இல்லாதவர்கள் அதன் அடிக்கல்லுக்குப் பங்களித்தனர்.

தடையும் மாற்றமும்

1959 ஜூனில் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்று மக்கள் செயல் கட்சி அரசமைத்தது. புதிய அரசு உடனே 'மஞ்சள் பண்பாட்டு' எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கியது. ஆபாசத்தைக் குறிக்க மஞ்சள் என்று சொல்லும் வழக்கம் சீனமொழியிலும் உண்டு. தமிழில் 'மஞ்சள் பத்திரிகை' என்பதை ஒப்பிடலாம். ஆபாச இதழ்கள், ஆடை களையும் நடனம், காசுபோட்டு ஆடும் இயந்திர விளையாட்டு முதலியவை தடைசெய்யப்பட்டன. தடையை ஆதரித்த பொதுமக்களும் பலர் இருந்தனர். சுரண்டல் நடந்த இடங்களும் இருந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் தடையால் வேலையிழந்த பெண்ணுக்கு வேறு பிழைப்பு என்ன என்ற கேள்விக்கு எளிதில் விடை கிடைக்கவில்லை.

சட்டத்தைவிட வேகமாகப் பூங்காக்களை மூடச் செய்தது வாழ்க்கை முறை மாற்றம். 1960-இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மக்களை நெரிசல் அறைகளிலிருந்து அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டு சென்றது. 1963-இல் தொலைக்காட்சி வந்தது. மாலையில் வெளியே போக வேண்டிய தேவை குறைந்தது.

கிரேட் வேர்ல்ட் பூங்கா 1964-இல் மூடப்பட்டது. அதன் திரையரங்குகள் 1978 வரை நடந்தன. 1960-களில் கே வேர்ல்ட் என்று பெயர் மாறிய ஹாப்பி வேர்ல்ட், 2000-ஆம் ஆண்டு வாக்கில் முடிவுக்கு வந்தது. நியூ வேர்ல்ட் 1987 ஏப்ரலில் மூடப்பட்டது. அதே ஆண்டில் ரோஸ் சானும் காலமானார். கிரேட் வேர்ல்ட் இருந்த இடத்தில் 1997-இலும், நியூ வேர்ல்ட் இருந்த இடத்தில் 2009-இலும் வணிக வளாகங்கள் திறக்கப்பட்டன.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தை நீக்குவது நல்லது. 1986 மார்ச் 15 அன்று இடிந்து விழுந்து 33 பேரைப் பலிகொண்ட 'ஹோட்டல் நியூ வேர்ல்ட்' கட்டடம் இப்பூங்காவைச் சேர்ந்தது அன்று. அது சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருந்த வேறொரு கட்டடம். அதன் கீழ்த்தளத்தில் வங்கியும், அதற்கு மேல் ஓர் இரவு விடுதியும், பிற தளங்களில் தங்கும் விடுதியும் இருந்தன. கட்டடம் தன் சொந்த எடையையே தாங்கும்படி வடிவமைக்கப்படவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது.

பின்வந்த இரவுகள்

1991-இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ஜியாக் கிம் தெருவின் பழைய கிடங்குகளில் 'சூக்' என்ற நடன விடுதி தொடங்கியது. கிரேட் வேர்ல்ட் இருந்த இடத்திலிருந்து அது நடந்துபோகும் தூரம். உலக அளவில் பெயர்பெற்ற இவ்விடுதி 2016-இல் கிளார்க் கீ பகுதிக்கு மாறியது. கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச் இறுதியில் மூடப்பட்ட இரவு விடுதிகள் 2022 ஏப்ரலில்தான் முழுமையாகத் திறக்க அனுமதிக்கப்பட்டன.

இவையெல்லாம் வசதியுள்ளோரின் இரவுகள். பத்துக் காசுக்காரரின் இடத்தில் இன்று நிற்பவர் கட்டுமானத்துறையிலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் குடும்பத்தை விட்டு வந்து, பெரும்பாலும் தொழிலாளர் விடுதிகளில் பலரோடு ஓர் அறையில் தங்கும் இவர்கள், ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவில் கூடுவர். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து அங்கே கலவரம் மூண்டது. மதுவும் அதற்கு ஒரு காரணம் என்று விசாரணைக் குழு கூறியது. 2015 ஏப்ரலில் மது கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தத் தடை விதிக்கப்பட்டது. லிட்டில் இந்தியா, கேலாங் ஆகிய இரண்டு பகுதிகள் கூடுதல் கட்டுப்பாடுள்ள மண்டலங்களாக அறிவிக்கப்பட்டன.

இவ்விரண்டு பெயர்களையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒன்று நியூ வேர்ல்ட் இருந்த இடத்துக்கு அடுத்த பகுதி. மற்றொன்று ஹாப்பி வேர்ல்ட் இருந்த பகுதி. குடும்பத்தைப் பிரிந்து உழைப்பவர்கள் மாலையில் கூடும் இடங்கள் நூறாண்டாகப் பெரிதும் மாறவில்லை. அவர்கள் உட்காரவும் பேசவும் பாட்டுக் கேட்கவும் மலிவான ஓர் இடம் வேண்டும் என்ற தேவையும் மாறவில்லை. 1923-இல் அத்தேவையை ஒரு வணிகர் குடும்பம் இலாபத்துக்காக நிறைவேற்றியது. இன்று யார், எப்படி நிறைவேற்றுவது என்பது சிங்கப்பூருக்கு மட்டுமின்றி, வெளியூர் உழைப்பாளிகளை நம்பி வளரும் எல்லா நகரங்களுக்கும் உரிய கேள்வி. சென்னையும் அவற்றுள் ஒன்று.

மூன்று உலகங்களின் அடையாளமாக இன்று எஞ்சியிருப்பவை ஒரு வாசலும் சில பெயர்ப் பலகைகளும். மகிழ்ச்சிப் பள்ளியில் எழுத்தறிந்த பிள்ளைகளுள் பலர் இப்போது தாத்தா பாட்டிகளாக இருப்பர். தம் முதல் பாடப் புத்தகத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியும்.